ரிவர்ஸ் கியர் இல்லாத வண்டி

எழுந்து வாருங்கள், வாசகப் பெருமக்களே! இந்த அத்தியாயத்தைச் சாய்ந்துகொண்டு படிக்க உங்களுக்கு அனுமதி இல்லை. உங்களை நான் ஒரு நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்கிறேன். வந்து பாருங்கள், பார்த்ததை மறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்.

கூண்டிலே ஒருத்தி நிற்கிறாள். அச்சகத்தில் எழுத்துக் கோத்த விரல்கள் மரச்சட்டத்தைப் பற்றியிருக்கின்றன. கணவனைக் கொன்றாள் என்பது வழக்கு. அவர்கள் குடியிருந்த சரக்குக் கிடங்கின் உயர்ந்த மேடையில், வேலைக்குப் புறப்பட மோட்டார் சைக்கிளில் ஏறி அமர்ந்தவனை, எதிரே நின்று வண்டியோடு பின்னுக்குத் தள்ளி, லாரி நிற்கும் பள்ளத்தில் விழவைத்தாளாம். சாட்சி? வண்டியின் முன்விளக்கின் இரு பக்கமும் அவளுடைய கரி படிந்த கைத்தடம். காரணம்? அச்சக வேலைக்குப் போகக் கூடாது என்று கணவன் சொன்னான், போவேன் என்று இவள் குரலை உயர்த்தினாள், அக்கம்பக்கம் கேட்டது. குரலை உயர்த்திய பெண் கையையும் உயர்த்தியிருப்பாள் என்று முடிவு கட்ட இந்தச் சமூகத்துக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

“நீ தள்ளவில்லை என்றால் வண்டி எப்படிப் பின்னால் போனது?” என்று கேட்டார்கள்.

“தானா போச்சுங்க. ஸ்டார்ட் பண்ணாரு. முன்னாடி வரவேண்டியது பின்னாடி போச்சு. இழுத்துப் பிடிச்சேன். முடியல.”

மன்றம் சிரித்தது. மோட்டார் வாகன அதிகாரி கூண்டேறி, “இந்த வாகனத்துக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது” என்று ஒரே வாக்கியம் சொன்னார். மீண்டும் சிரித்தது. அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. உண்மையைச் சொல்லியே ஒருத்தியை உயிரோடு புதைக்க முடியும் என்பதை அன்று அந்த மன்றம் நிரூபித்தது.

கதவுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரியின் இடுப்பில், கூண்டில் நின்றவளுடைய சின்ன மகள் இருந்தாள். உள்ளேயிருந்து வந்த சிரிப்பைக் கேட்டதும், “எல்லாரும் சிரிக்கிறாங்க! அம்மாவை விட்டுட்டாங்க!” என்று கைகொட்டிக் குதித்தாள்.

அம்மாவுக்குக் கிடைத்தது ஆயுள் தண்டனை. அந்தக் குழந்தை இன்று பேருந்து நடத்துனர். தோளில் பையும் விரலிடுக்கில் விசிலுமாக அவள் வந்து நின்றது துப்பறிவாளர் நிதானத்தின் அறையில். விபத்துக் காப்பீட்டு விசாரணையில் தலை நரைத்து, வேலையை உதறிவிட்டு வந்த பெண்மணி அவர். எதற்கும் அவசரப்படாததால் ஊர் இட்ட பெயர் நிதானம். அவருடைய உதவியாளன் வாயைத் திறந்தாலே வெடிப்பான். ஆகவே அவன் வெடி.

“தண்டனைக் குறைப்புக் குழு ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்குது மேடம்” என்றாள் நடத்துனர். “‘செய்ததற்கு வருந்துகிறாயா?’ அம்மா ஒரே பதில்தான் சொல்றாங்க. ‘வண்டி தானா போச்சு.’ உடனே ‘மனம் திருந்தவில்லை’ன்னு மூடிடுறாங்க. இப்ப நெஞ்சுல சளி கட்டி ரத்தமா வருது. சிறை டாக்டரே கையை விரிச்சுட்டாரு. இந்தத் தடவையாவது பொய் சொல்லும்மா, வருந்துறேன்னு சொல்லிட்டு வெளியே வாம்மான்னு கெஞ்சினேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘அவரைக் கொன்னேன்னு சொல்லிட்டு வந்து உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்’னாங்க.”

நிதானம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “உங்கம்மா பொய் சொல்றவங்களா இருந்தா, நம்புற மாதிரி ஒண்ணைச் சொல்லியிருப்பாங்க. கால் வழுக்கிடுச்சு, பிரேக் பிடிக்கலன்னு ஆயிரம் இருக்கு. யாருமே நம்பாத ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை வருஷம் தொங்குறாங்கன்னா, அது நடந்திருக்கு. வண்டி எங்கே?”

“சித்தப்பா குடோன்ல. கேஸ் முடிஞ்சதும் அவர்கிட்ட ஒப்படைச்சாங்க. தார்ப்பாயைப் போட்டு மூடினவரு இன்னைக்கு வரைக்கும் திறக்கல.”

“அப்ப அதுதான் நம்ம சாட்சி. பேச வைக்கணும்.”

“வண்டியைப் பேச வைக்கணும்னா எஞ்சினைத் திறக்கணும், என்னை நிறுத்தணும்னா வாயை மூடணும்” என்றான் வெடி. “ரெண்டும் கஷ்டம்தான் அக்கா.”

*

குடோன் கதவைத் திறந்த சித்தப்பா, இறந்தவனுடன் பிறந்தவர். அண்ணன் மகளை வளர்த்து ஆளாக்கியவர். அண்ணன் மனைவியின் பெயரை மட்டும் வீட்டில் உச்சரிக்கவிடாதவர்.

“எடுத்துட்டுப் போங்க. அதுல எங்கண்ணன் ரத்தம் இருக்கு. ஆனா ஒண்ணு, கிளப்புறப்ப நானும் இருப்பேன். நாடகம் ஆடிட்டு அவளை நல்லவளாக்கிடலாம்னு பார்க்காதீங்க.”

“கட்டாயம் இருங்க. நீங்க நம்பினாத்தான் எங்களுக்கே நம்பிக்கை வரும்” என்றார் நிதானம்.

தார்ப்பாய் விலகியது. நெளிந்த பின் மட்கார்டும் உடைந்த சிவப்பு விளக்குமாக அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி சுவரைப் பார்த்து நின்றது. பெட்ரோல் என்றோ ஆவியாகிவிட, அதில் கலந்திருந்த ஆயில் மட்டும் டேங்கின் அடியில் பிசினாய் உறைந்திருந்தது. கிக்கரை மிதித்தான் வெடி. அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த மெக்கானிக் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம் ‘தங்கக்கை’. பெயர்ப்பலகையிலும் அதுதான்.

“செத்த வண்டியை எழுப்புறதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது மேடம்” என்றார் தங்கக்கை.

“அண்ணே, ஆளையே எழுப்புவீங்களா?” என்றான் வெடி.

“ஆளுக்கு ஸ்பேர் கிடைக்காது தம்பி.”

தற்பெருமை ஒருபுறம் இருக்கட்டும்; வேலை தெரிந்தவர்தான். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே ஆயிலை ஊற்றி ஊறவிட்டார். பிறகு கியரைப் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் பிற்பகலில் ‘கிரீச்’சென்று பிஸ்டன் தன் சிறையை விட்டு அசைந்தது. டேங்குக்குள் பழைய செயின் துண்டுகளைப் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தார். கார்புரேட்டரின் ஊசித் துளையில் அடைத்திருந்த மஞ்சள் படிவைச் செம்புக் கம்பியால் குத்தி எடுத்தார். சைலன்சரைத் தட்டினால் எலி கட்டிய கூடு விழுந்தது. கந்தல், பஞ்சு, ஒரு பொம்மையின் கை.

“எலிகூட இந்த வண்டியைச் சும்மா விடல. மனுஷங்கதான் விட்டுட்டாங்க” என்றான் வெடி. அது வேடிக்கைக்குச் சொன்னதா என்று எவரும் கேட்கவில்லை.

*

எல்லாம் முடிந்தது என்று ஆள் வந்தது. பட்டறை முற்றத்தில் நடத்துனரும் சித்தப்பாவும் எதிரெதிர் மூலையில் நின்றார்கள். வண்டிக்குப் பின்னால் வைக்கோல் திணித்த மூட்டைகளை அடுக்கச் சொல்லியிருந்தார் நிதானம்.

“எதுக்கு மேடம் மூட்டை? என் கைபட்ட வண்டி பறக்கும்” என்று தங்கக்கை ஏறி அமர்ந்து உதைத்தார்.

ஒரே உதை. வண்டி உயிர்பெற்றது. நீலப் புகை எழுந்தது. இடையறாத சீரான பேச்சாக எஞ்சின் பொழிந்தது. கிளட்சை விட்டார். வண்டி முன்னே பாய்ந்தது. முற்றத்தைச் சுற்றி வந்தது. நிறுத்தி, மறுபடி உதைத்தார். மறுபடியும் முன்னேதான் பாய்ந்தது. எத்தனை முறை உதைத்தாலும் ஒழுங்கான பிள்ளைபோல அது முன்னேதான் போயிற்று.

நடத்துனர் தோல்பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

சித்தப்பா மெல்ல நடந்து வந்தார். “பார்த்துக்கிட்டியா பாப்பா? வண்டி முன்னாடிதான் போகும். அப்பவும் முன்னாடிதான் போயிருக்கும். உங்கம்மாதான்…”

“வேணாம் சித்தப்பா. அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க.”

“நான் சொல்லலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?”

நிதானம் வண்டியருகே குந்தி அமர்ந்தார். “தங்கக்கை அண்ணே, வண்டியில என்னென்ன மாத்தினீங்க?”

“பிளக் புதுசு. மத்தது எல்லாம் பழசுதான், சுத்தம் பண்ணினேன்.”

“டைமிங்?”

“அது என்ன கேள்வி? பொறி விடுற பாயிண்ட்டை உப்புத்தாள்ல தேய்ச்சு, பிளேட்டைத் திருப்பி, நூல் பிடிச்ச மாதிரி வச்சுட்டேன். கண்டபடி கிடந்தது மேடம்! எவனோ கை தெரியாதவன் திருகி வச்சிருந்தான். நான் தொட்ட வண்டியில அப்படி ஒரு அசிங்கம் இருக்கலாமா?”



“அண்ணே,” என்றான் வெடி தணிந்த குரலில், “கொலை நடந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கி, கோலமும் போட்டுட்டீங்க.”

“நல்லது செஞ்சா தப்பா? ஆரம்பத்துலயே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லாதது என் தப்பு” என்றார் நிதானம். “நல்ல மெக்கானிக்கோட கை சும்மா இருக்காதுன்னு நான் யோசிச்சிருக்கணும்.” பிறகு நடத்துனர் பக்கம் திரும்பினார். “டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு முன் பின் பேதம் கிடையாதும்மா. பிஸ்டன் உச்சிக்குப் போற நேரத்துல பொறி விழுந்தா முன்னாடி சுத்தும். ரொம்ப முந்தி விழுந்துட்டா, ஏறிக்கிட்டிருக்கிற பிஸ்டனை வழியிலேயே அடிச்சுத் திருப்பிடும். திரும்பின எஞ்சின் திரும்பினபடியே ஓடும். சத்தத்துல பெரிய வித்தியாசம் தெரியாது. ஓட்டுறவன் முன்னாடி போறதா நினைச்சு ஃபர்ஸ்ட் கியரைப் போடுவான், வண்டி பின்னாடி பாயும். இப்படி ஒரு மூணு சக்கர வண்டி கண்ணாடிக் கடைக்குள்ள பின்னாடியே போய்ப் புகுந்த கேஸை நான் பார்த்திருக்கேன். அந்தப் பொறி விழுற நேரத்தை, அதான் டைமிங்கை, வைக்கிறது, இதோ இந்த மூடிக்குள்ள இருக்கிற சின்னப் பிளேட். அது பழைய இடத்துல இருந்திருந்தா நம்ம கையில சாட்சி இருந்திருக்கும்.”

“இப்ப?”

நிதானம் தங்கக்கையிடம் திரும்பினார். “மூடியைக் கழற்றுங்க அண்ணே. வெடி, அந்தக் கைவிளக்கைக் கொண்டா.”

உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பிளேட்டை இரண்டு திருகாணிகள் நீளத் துளைகளின் நடுவே பிடித்திருந்தன. திருகாணியைத் தளர்த்தினால் பிளேட் இப்படியும் அப்படியும் திரும்பும். அவ்வளவே அதன் வாழ்க்கை. நிதானம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“அண்ணே, இதைத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கலையா?”

“பெட்ரோல்ல கழுவினதோட சரி. உள்ளே யார் பார்க்கப்போறாங்கன்னு…” தங்கக்கையின் குரல் முதன்முறையாகத் தாழ்ந்தது.

“உங்க சோம்பேறித்தனத்துக்கு ஒரு கும்பிடு. இங்கே பாருங்க.”

பிளேட் முழுதும் ஆண்டுகளின் கறுப்பு. ஆனால் துளையின் ஒரு கோடியை ஒட்டி, இன்றைய திருகாணிக்குச் சற்றுத் தள்ளி, பளிச்சென்று ஓர் அரைப்பிறை. மறு துளையிலும் அதேபோல் ஒன்று. திருகாணித் தலை இத்தனை காலம் அழுத்திப் பிடித்திருந்த இடம். காற்றும் ஈரமும் நுழையாத இடம். அதனால் கறுக்காத இடம்.

“நாம மாத்திட்டோம். ஆனா வண்டி மறக்கல” என்றார் நிதானம். “இந்த அரைப்பிறையை இன்னைக்கு யாரும் செய்ய முடியாது. பல வருஷம் உட்கார்ந்து செய்யணும். முதல்ல இதை இப்படியே படம் எடுத்துக்கம்மா. அண்ணே, திருகாணித் தலையை அந்த வெள்ளையில சரியா உட்கார வைங்க. மயிரிழை பிசகக் கூடாது.”

தங்கக்கை வியர்த்தார். தாம் நேராக்கிய ஒன்றைத் தம் கையாலேயே மறுபடி கோணலாக்குவது அவருக்குப் பல்லைப் பிடுங்குவது போலிருந்தது. வைத்து முடித்து, “ஐயோ, இது ரொம்ப முந்தி அடிக்குமே!” என்று முனகினார்.

வண்டியை மூட்டைகளுக்கு முன்னால் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தும்போது தொளதொளத்த செயின் கழன்று விழுந்தது. பக்கத்தில் நின்ற சித்தப்பா, வாயில் ஏதோ வைதுகொண்டே, குனிந்து அதை மாட்டிவிட்டார். கை இரண்டும் கறுத்தன. “யாரும் தள்ளிட்டு, தானா போச்சுன்னு சொல்லக் கூடாது. நான் விளக்குக்கு நேரா முன்னாடியே நிக்கிறேன்” என்று நின்றும்கொண்டார்.

“அக்கா, யார் ஏறுறது?” என்றான் வெடி. நிதானம் அவனையே பார்த்தார். “அப்படிப் பார்க்காதீங்க. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல.”

“ஆகலையில்ல? அப்ப வழக்குப் போட ஆள் இல்ல. ஏறு.”

வெடி ஏறினான். ஓங்கி உதைத்தான். கிக்கர் எதிர்த்தடித்து அவன் முழங்காலை வீங்கவைத்தது. “உதைச்சா உதைக்குது! மானமுள்ள வண்டி!”

“காலையில தூக்கக் கலக்கத்துல வேலைக்குப் போறவன் உதைக்கிற மாதிரி உதை. அரைகுறையா. மெல்ல ஏறுற பிஸ்டனைத்தான் பொறி திருப்பும்.”

அரைகுறையாக உதைத்தான். வண்டி கிளம்பியது. சத்தத்தில் ஒரு மெல்லிய நொண்டல். மற்றபடி அதே புகை, அதே நடுக்கம். வெடி கியரை மிதித்துக் கிளட்சை விட்டான்.

வண்டி பின்னால் பாய்ந்தது!

அவன் உடல் முன்னே சரிந்தது, சரிந்த வேகத்தில் ஆக்ஸிலேட்டர் இன்னும் முறுகியது, எஞ்சின் அலறியது. “டேய்!” என்று கத்தியபடி சித்தப்பா தாவினார். இரண்டு கைகளாலும் விளக்கை இருபுறமும் கவ்வி, குதிகாலை ஊன்றி, பலமெல்லாம் கூட்டி இழுத்தார். அவரையும் இழுத்துக்கொண்டே வண்டி மூட்டைகளில் போய் மோதிச் செத்தது.

வைக்கோல் பறந்து அடங்கியது. வெடி மூட்டைக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

“கையை எடுக்காதீங்க” என்றார் நிதானம்.

சித்தப்பா திகைத்து நின்றார்.

“இப்ப நீங்க தள்ளினீங்களா, இழுத்தீங்களா?”

“என்ன கேள்வி இது? இழுத்தேன்! பையன் செத்திருப்பானே!”

“சரி. இப்ப எடுங்க.”

கைகள் விலகின. விளக்கின் இரு பக்கமும் கறுப்பாக இரண்டு கைத்தடங்கள். நடத்துனர் தன் தோல்பையைத் திறந்து, வழக்குக் கட்டிலிருந்து பெற்ற பழைய புகைப்படத்தை எடுத்தாள். விளக்கின் பக்கத்தில் பிடித்தாள். அதே விளக்கு. அதே இரு பக்கம். அடுப்புக் கரி படிந்த, இவருடையதைவிடச் சிறிய, இரண்டு கைகள்.

சித்தப்பா படத்தைப் பார்த்தார். தம் கையைப் பார்த்தார். தரையில் அமர்ந்துவிட்டார்.

“டைமிங்கைத் திருகினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று நிதானம் கேட்டார்.

“அண்ணன்தான்” என்றார் அவர். குரல் எங்கோ கிணற்றின் ஆழத்திலிருந்து வந்தது. “முந்தின நாள் சாயங்காலம். பிக்கப் பத்தலன்னு திருகிக்கிட்டிருந்தான். நான்தான் டார்ச் அடிச்சேன். ‘நாளைக்குப் பாருடா, எப்படிப் பாயுதுன்னு’ன்னான். கோர்ட்ல அது யாருக்கும் தோணல… எனக்கும் தோணல. அண்ணி வண்டி தானா போச்சுன்னு சொன்னப்ப நானும்தான் சிரிச்சேன்.”

எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு ‘அண்ணி’ என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்ததை நடத்துனர் மட்டும் கவனித்தாள்.

ஆகவே, பெருமக்களே, இது கொலைகாரன் இல்லாத கொலை வழக்கு! சூழ்ச்சிக்காரனைத் தேடி நீங்கள் பக்கம் புரட்டியிருந்தால் ஏமாந்தீர்கள். ஒரு கணவன் தன் வண்டியைத் தானே திருகினான். ஒரு மனைவி அவனைக் காப்பாற்றத் தாவினாள். காப்பாற்ற நீண்ட கையைக் கொல்ல நீண்ட கை என்று எழுதியது யார்? ஒரு முறை, ஒரே ஒரு முறை, அந்த வண்டியை உதைத்துப் பார்க்கலாமே என்று எவருக்கும் தோன்றாதபடி செய்தது எது? சிரிப்பு! சிரித்த மன்றத்துக்குச் சோதனை தேவைப்படவில்லை.

*

சிறையின் கம்பி வலைக்கு இப்பால் நின்று மகள் எல்லாவற்றையும் சொன்னாள். அரைப்பிறையை, அரைகுறை உதையை, பின்னால் பாய்ந்ததை. அப்பாலிருந்தவள் இருமிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், தன் விடுதலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“அந்தத் தம்பிக்கு அடி எதுவும் படலையே?” என்றாள்.

“இல்லம்மா.”

“சித்தப்பாவுக்கு?”

“இல்லம்மா.”

“நல்லா இழுத்திருக்காரு” என்றாள். “எனக்குத்தான் பலம் பத்தல.”

படங்களும் பிளேட்டுமாக நிதானம், வெடியையும் கூட்டிக்கொண்டு, தண்டனைக் குறைப்புக் குழுவின் படியேறினார். செயலர் படங்களைத் தொடவுமில்லை. “இயந்திரத்தை ஆராய்வது எங்கள் பணியன்று அம்மா. கைதி வருந்துகிறாரா என்பது ஒன்றே எங்கள் கேள்வி.”

“அவங்க வருந்த வேண்டியதே இல்லைன்னா?”

“அதற்கு எங்கள் விதிகளில் இடமில்லை.”

“ரிவர்ஸ் கியர் இல்லாதது வண்டிக்கு மட்டும் இல்ல போலிருக்கே” என்றான் வெடி. செயலர் வாசலைக் காட்டினார்.

ஆகவே வாசலுக்கே வந்துவிட்டோம்! கேளுங்கள். குழு கூடும் அந்தக் கட்டிடத்தின் வாயிலில் இப்போது ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி நிற்கிறது. டேங்கில் ஆயில் கலந்த பெட்ரோல் இருக்கிறது. மறுபடி மாட்டிய பிளேட்டில் திருகாணிகள் அரைப்பிறையில் அமர்ந்திருக்கின்றன. பின்னால் வைக்கோல் மூட்டைகள். முன்னால், கறுத்த கையைக் கழுவ மறுத்து, ஒரு கொழுந்தன். உள்ளே நாற்காலிகளில் கேள்வி கேட்போர். அவர்களுக்கும் அப்பால், ஒரு கம்பி வலைக்குள், பொய் சொல்லி வெளியே வர மறுத்து இரத்தம் இருமுகிற ஒருத்தி. அவளுக்கு நாள் அதிகமில்லை.

வாருங்கள்! கோஷம் வேண்டாம், கொடி வேண்டாம், மாலை வேண்டாம். வந்து ஏறி உட்காருங்கள். உங்கள் காலால் உதையுங்கள். வண்டி உங்களைச் சுமந்துகொண்டு பின்னே பாயட்டும். பிறகு எழுந்து, வைக்கோலைத் தட்டிவிட்டு, அந்தப் படியேறி, அந்தக் கதவைத் திறந்து, அங்கே அமர்ந்திருப்போரின் முகத்தைப் பார்த்து, அவள் சொன்ன அதே சொற்களைச் சொல்லுங்கள்: “வண்டி தானா பின்னாடி போச்சு.”

அவர்கள் சிரித்தால், அவர்களையும் வெளியே அழைத்து வாருங்கள். உதைக்கச் சொல்லுங்கள்.